பழைய கட்டடத்தை இடிக்க யாரை அமர்த்துவது?

வீடு கட்டுவதற்கு நாலு கொத்தனார்களை விசாரித்துப் பார்க்கும் நம் மக்கள், பழைய வீட்டை இடிப்பதற்குக் கடப்பாரை பிடித்த எவரும் போதும் என்று எண்ணிவிடுகின்றனர். காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற நெசவாளர் ஊர்களில் இவ்வெண்ணம் அபாயகரமானது. அங்குள்ள பழைய ஓட்டு வீடுகளில் பல, அண்டை வீட்டோடு ஒரே பொதுச் சுவரைப் பங்கிட்டுக்கொண்டு நிற்பவை. சுவருக்கு மறுபுறம் ஒருவர் குழித்தறியில் அமர்ந்து நெய்துகொண்டிருப்பார். இப்புறத்து உத்திரத்தை உருவினால் அப்புறம் என்ன நேரும் என்பதை அறிந்தவரே இவ்வேலைக்குத் தகுதியானவர்.

அத்தகுதியை அறிய ஒரு கேள்வி பெரிதும் உதவும்: "எங்கிருந்து தொடங்குவீர்கள்?" அடிச்சுவரைக் குடைந்து தள்ளிவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்பவரை மரியாதையாக அனுப்பிவிட வேண்டும். அனுபவமுள்ளவர் முதலில் மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்வார். பொதுச் சுவருக்கு முட்டுக் கொடுப்பார். ஓடுகளை இரு சரிவுகளிலும் சமமாக இறக்குவார். பிறகு கைமரம், உத்திரம், இறுதியில் சுவரை மேலிருந்து வரிவரியாகப் பிரிப்பார். மேலிருந்து கீழாக இடித்தல் என்பதே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991-இல் திருத்தி வெளியிட்ட ஐ.எஸ். 4130 பாதுகாப்பு விதிகளின் முறையுமாகும். இடிந்த மண்ணை அவர் சுவரோரம் குவிக்கமாட்டார். அப்பாரமே சுவரைச் சாய்த்துவிடும். மழையில் ஊறிய மண்சுவரில் ஆளை ஏற்றவும் மாட்டார்.

நமது மாவட்டத்து மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அதன் அருகில் நின்ற இணைக் கட்டடம், அக்கம்பக்கத்தார் அனைவரும் வெளியேற்றப்பட்ட பின்னர், 2016 நவம்பர் 2 அன்று வெடிமருந்து வைத்துச் சில விநாடிகளில் தகர்க்கப்பட்டது. ஓட்டு வீட்டுக்கு வெடிமருந்து தேவையில்லை. ஆயினும் அங்கே செய்த முன்னேற்பாடு இங்கும் வேண்டும்: வேலை நடக்கும் நாள்களில் அடுத்த வீட்டுத் தறியில் எவரும் அமரலாகாது.

"மரம் எனக்கு, கூலி வேண்டாம்" என்று பேசி முடிப்பது நம்மிடையே சாதாரண வழக்கம். செலவில்லை என்று வீட்டுக்காரர் மகிழ்வார். ஆனால் தேக்கு உத்திரமே ஊதியம் என்றால், அதை முதலில் உருவி எடுக்கும் ஆசை ஒப்பந்தக்காரருக்கு எழுவது இயல்பு. ஆகையால் கூலியைத் தனியாகவும் மரத்தின் விலையைத் தனியாகவும் எழுதிக்கொள்ளுதல் நலம் என்பது நமது கருத்து. ஆட்களுக்குக் காப்பீடு யார் பொறுப்பு, அண்டைச் சுவருக்குச் சேதம் நேர்ந்தால் யார் ஈடு செய்வது என்பனவும் அத்தாளிலேயே இருக்கட்டும். ஊராட்சிக்குச் சொந்தமான கட்டடமாயின், ஒன்றியப் பொறியாளரின் அறிக்கையும் மதிப்பீடும் இன்றிக் கைவைக்கலாகாது.

உள்ளூர்க்காரரை அமர்த்துவதில் மற்றொரு நன்மையும் உண்டு. கயிலாசநாதர் கோயிலும் வைகுந்தப் பெருமாள் கோயிலும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. இத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்புவதை 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தடுக்கிறது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன்அனுமதி பெறவேண்டும். இதை அறியாமல் இடித்தவர் வெறும் மனையோடு நிற்க நேரிடும். ஊர் நிலவரம் தெரிந்த ஒப்பந்தக்காரர் கடப்பாரையை எடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவார்.

இடிபாடுகளை எங்கே கொட்டுவது என்பதையும் முதலிலேயே பேசிவிடுக. ஏரி வரத்துக்காலில் விழும் ஒவ்வொரு வண்டிச் செங்கல் துண்டும் கீழ்மடை வயல்களுக்குச் செல்லும் நீரைக் குறைக்கும்.