இருபது ஆண்டு பின்தங்கிய கடிகாரம்

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை காலை. கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில், என் வீட்டு மொட்டை மாடியில் ஆன்டெனாவைப் பொருத்திவிட்டுக் கீழே வந்து கணிப்பொறியைப் பார்த்தோம். திரையில் 26-12-2004 என்றிருந்தது. சுனாமி வந்த நாள்! இந்தக் கடற்கரையில் அந்தத் தேதியை யாரும் மறக்கவில்லை. உடனிருந்த கல்லூரி மாணவர் இருவரும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு ஒருவர், "சார், சாட்டிலைட்கூடப் பொய் சொல்லுமா?" என்று கேட்டார்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது என்ன? ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அவை ஓயாமல் நேரத்தை ஒலிபரப்புகின்றன. ரேடியோ அலை நம்மை வந்தடைய 0.07 விநாடி ஆகும். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அலைகளை ஒப்பிட்டு, ஏற்பி அந்தத் தாமதத்தைத் தானே கழித்துவிடுகிறது. இப்படிப் பெற்ற நேரத்தை மற்றக் கணிப்பொறிகளுக்கு வழங்கும் கணிப்பொறிக்கு டைம் சர்வர் என்று பெயர். எங்கள் ஏற்பி சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய சரக்கு. விலை மலிவு, தொல்லைகள் இலவசம்.

இத்தனை துல்லியம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 2004இல் சுமத்ராவின் அருகே பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6 மணி 28 நிமிடம் 53 விநாடிக்கு. நில அதிர்வின் முதல் அலைகள் பூமிக்குள் விநாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் செல்பவை. அவை வெவ்வேறு நிலையங்களை எப்போது எட்டின என்பதைக் கொண்டே அதிர்வு எங்கே நிகழ்ந்தது என்று கணக்கிடுகிறார்கள். ஒரு நிலையத்தின் கடிகாரம் ஒரு விநாடி பிசகினால், அந்த நிலையத்தின் கணக்கில் 8 கிலோமீட்டர் பிழை! ஆகவேதான் அதிர்வுமானிகளுடன் செயற்கைக்கோள் கடிகாரத்தை இணைக்கிறார்கள்.

சரி, எங்கள் தேதிக்கு வருவோம். மாணவர் ஒரு தாளை எடுத்து இரு தேதிகளையும் கழித்துப் பார்த்தார். இடைவெளி 7,168 நாள். ஏழால் வகுத்தால் மீதியின்றி 1,024 வாரம். 1,024 என்பது 2இன் பத்தாம் அடுக்கு அல்லவா? குட்டு வெளிப்பட்டது. ஜி.பி.எஸ். தேதியை அனுப்புவதில்லை, 1980 ஜனவரி 6 முதல் எத்தனையாவது வாரம் என்றே சொல்கிறது. அதற்கு ஒதுக்கியது பத்து பிட் இடம். 1,023க்குப் பின் மீண்டும் பூச்சியம். பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மானி 99,999க்குப் பின் முதலிலிருந்து தொடங்குமே, அதுபோல! 1999 ஆகஸ்ட் 22இலும் 2019 ஏப்ரல் 7இலும் அப்படித் திரும்பியது. எங்கள் ஏற்பிக்கு இரண்டாம் சுற்று தெரியாது. கிழமை மட்டும் சரியாக ஞாயிறு என்றே காட்டியது. முழு வாரங்களில் தவறினால் கிழமை எப்படி மாறும்? நிரலில் 1,024 வாரத்தைக் கூட்டினோம். (ஜி.பி.எஸ்ஸின் புதிய செய்தி அமைப்பில் பதின்மூன்று பிட். அது 157 ஆண்டுக்குத் தாங்கும்.)

புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் இணையத்தின் வழியே தரும் நேரத்துடன் அடுத்து ஒப்பிட்டோம். எங்கள் கடிகாரம் 5 விநாடி முந்தியிருந்தது. பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்து அது தானாகவே சரியாகிவிட்டது! பூமியின் சுழற்சிக்கு ஏற்ப உலக நேரத்தில் அவ்வப்போது ஒரு விநாடி சேர்த்திருக்கிறார்கள், ஜி.பி.எஸ். சேர்ப்பதில்லை. 2017 முதல் இரண்டுக்கும் வேறுபாடு 18 விநாடி. 2004இல் அது 13. ஏற்பியின் நினைவில் பழைய 13 பதிந்திருந்தது. புதிய எண்ணைச் செயற்கைக்கோள் பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறைதான் அனுப்பும். ஆகவே பொறுமைதான் மருந்து.

இப்போது அரை விநாடிக்குச் சற்று மேல் பிந்தியது. அதுவும் நிலையாக இல்லை. ஏற்பி நேரத்தை எழுத்துகளாக ஒற்றைக் கம்பியில் அனுப்புகிறது, விநாடிக்கு 480 எழுத்து வீதம். முன்னூறு எழுத்துள்ள செய்தி வந்து முடிய 0.6 விநாடி ஆகாதா? இதற்காகவே ஏற்பியில் இன்னொரு முனை உண்டு. ஒவ்வொரு விநாடியும் பிறக்கும் கணத்தில் அதில் ஒரு மின்துடிப்பு எழும். எழுத்து எந்த விநாடி என்று சொல்லும். துடிப்பு எப்போது என்று சொல்லும். அந்த முனையை இணைத்தோம். பிழை ஆடாமல் அசையாமல் 0.1 விநாடியில் வந்து நின்றது. துடிப்பின் அகலமும் 0.1 விநாடி! அது எழும் கணத்தை விட்டு விழும் கணத்தைப் பிடித்திருந்தோம். தவறு என்னுடையதே, நிரலில் ஒரு சொல்லை மாற்றினேன்.

ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு விடியற்காலையில் மட்டும் செயற்கைக்கோள்கள் மறையத் தொடங்கின. வெயில் ஏறியதும் திரும்பின. நிரலை மூன்று நாள் வீணாகச் சோதித்தோம். நான்காம் நாள் மாடிக்குப் போய் ஆன்டெனாவின் இணைப்பைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருந்தது. கடல் உப்பு இரவின் பனி ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆன்டெனாவில் உள்ள பெருக்கிக்கு அதே கம்பியில்தான் மின்னழுத்தம் போகிறது. ஆக, இரவுதோறும் அங்கே ஒரு சிறு மின்னாற்பகுப்பு நடந்து செம்பைத் தின்றிருக்கிறது. புது இணைப்பு போட்டு, ரப்பர் நாடாவை இறுகச் சுற்றினோம்.

மிச்சமிருப்பது ஒரு பிழை. பதினைந்து மீட்டர் கம்பியைக் கடக்க அலைக்கு 75 நானோவிநாடி ஆகிறது. கணிப்பொறியே சில மைக்ரோவிநாடி தடுமாறுவதால் அதை நாங்கள் திருத்தவில்லை.