‘அதற்குள் போய்விடும்’ என்ற கணக்கு

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வெளியே கனமழை. சன்னலில் சாம்பல் நிறத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. சக்கரங்கள் தரையைத் தொடப்போகின்றன என்று நினைத்த நேரத்தில் இயந்திரங்கள் பெரிதாக இரைந்தன. விமானம் மீண்டும் மேலே ஏறியது. பக்கத்து இருக்கையிலிருந்த வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ன தம்பி, எறங்கலையா?” என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை. சற்று நேரம் கழித்து விமானி அறிவித்தார்: முன்னால் இறங்கிய விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையாம். இருபது நிமிடத் தாமதம். பலர் சலித்துக்கொண்டார்கள். நானும்தான்.

அமெரிக்காவின் ஆஸ்டின் விமான நிலையத்தில் நடந்ததைப் படித்த பிறகு அந்தச் சலிப்பு எனக்கு அடியோடு போய்விட்டது.

2023 பிப்ரவரி 4, காலை சுமார் 6.40 மணி. டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரை அடர்ந்த மூடுபனி மூடியிருந்தது. ஓடுபாதையில் 1,400 அடிக்கு அப்பால் பார்வை எட்டவில்லை. மெம்பிஸிலிருந்து வந்த ஃபெடெக்ஸ் நிறுவனத்தின் போயிங் 767 சரக்கு விமானம் இறங்க அனுமதி பெற்றிருந்தது. அதில் மூன்று பேர். மெக்சிகோவின் கன்கூனுக்குச் செல்லவிருந்த சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் அதே ஓடுபாதையின் முனையில் காத்திருந்தது. அதில் 128 பேர்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்த அதிகாரியின் கண்ணுக்கு ஓடுபாதையே தெரியவில்லை. சரக்கு விமானம் இன்னும் மூன்று மைல் தொலைவில் இருக்கிறது, அதற்குள் சவுத்வெஸ்ட் போய்விடும் என்று கணக்குப் போட்டார். புறப்பட அனுமதி கொடுத்தார். ஆனால் ஓடுபாதைக்குள் நுழைந்த சவுத்வெஸ்ட் உடனே ஓடவில்லை. குளிர்ப் பனியில் இயந்திரங்களைச் சோதித்துப் பார்க்கச் சில நொடிகள் நின்றது. அதற்கு நேரம் தேவைப்படும் என்று கோபுரத்திடம் அதன் விமானிகள் சொல்லவும் இல்லை.

தரையிறங்கும் வேகத்தில் 1,400 அடி என்பது ஆறேழு நொடிதான். ஃபெடெக்ஸ் விமானிகள் பனிக்குள் ஒரு விமானத்தின் நிழலுருவைக் கண்டார்கள். இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறினார்கள். சவுத்வெஸ்ட்டை நிற்கச் சொல்லி வானொலியில் குரல் கொடுத்தார்கள். அதுவோ ஓடத் தொடங்கியிருந்தது. நிற்காமல் வானில் எழும்பியது. இரண்டுக்கும் இடையே இருந்த தூரம் 200 அடிக்கும் குறைவு. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், இருபது மாடி வீவக புளோக்கின் உயரம்கூட இல்லை. 131 பேரும் உயிர் தப்பினார்கள்.

விமானங்களில் மோதலைத் தவிர்க்கும் கருவி உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் தரையிலிருந்து ஏறத்தாழ 1,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால், ‘ஏறு’, ‘இறங்கு’ என்று அது கட்டளையிடாது. தரைக்கு அருகில் ‘இறங்கு’ என்பதே ஆபத்தாகிவிடும் அல்லவா? அந்த உயரத்தில் இரண்டு விமானங்களைப் பிரித்து வைப்பது கோபுரத்தின் பொறுப்பு. பனி இறங்கிவிட்டால் கோபுரத்துக்குக் கண் தேவை. தரையில் எந்த விமானம் எங்கே நிற்கிறது என்பதைத் திரையில் காட்டும் கண்காணிப்புக் கருவிதான் அந்தக் கண். ஆஸ்டினில் அது இல்லை.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2024இல் தன் முடிவை வெளியிட்டது. அதிகாரியின் தவறான அனுமானமே முதன்மைக் காரணம் என்றது. ஆனால் அவரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மூடுபனி நேரத்தில் எப்படி வேலை செய்வது என்ற பயிற்சி அங்கே போதவில்லை, அந்தக் கருவியைக் கட்டாயமாக்கியிருக்கவில்லை என்பதையும் காரணங்களாகச் சேர்த்தது.

கண்ணில்லாத கோபுரம் என்ன செய்யும் என்பது உலகம் அதற்கு முன்பே பார்த்ததுதான். 2001 அக்டோபர் 8ஆம் தேதி இத்தாலியின் மிலான் லினாத்தே விமான நிலையத்தில் மூடுபனி. வழி தவறி ஓடுபாதைக்குள் வந்த சிறிய விமானத்தின் மீது, புறப்பட ஓடிவந்த பயணிகள் விமானம் மோதியது. 118 பேர் மாண்டார்கள். அங்கே பழைய தரை ராடார் செயலிழந்து கிடந்தது. புதியது இன்னும் செயல்பாட்டுக்கு வரவில்லை.

அதற்கு ஓராண்டுக்கு முன்னால் நடந்ததைச் சிங்கப்பூரர்கள் மறக்கமாட்டார்கள். 2000 அக்டோபர் 31 இரவு, புயல் மழையில், தைப்பே விமான நிலையத்திலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குப் புறப்பட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்கியூ 006, பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருந்த ஓடுபாதையில் தவறுதலாக ஓடியது. அங்கிருந்த கட்டுமான இயந்திரங்களில் மோதியது. விமானத்தில் இருந்த 179 பேரில் 83 பேர் உயிரிழந்தனர். தாங்கள் சரியான ஓடுபாதையில் இருப்பதாகவே விமானிகள் நம்பினார்கள். மழையில் கோபுரத்துக்கு விமானம் தெரியவில்லை. அங்கும் தரை ராடார் இல்லை.

லினாத்தேயும் தைப்பேயும் உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடத்தை ஆஸ்டின் ஓர் உயிரும் போகாமல் கற்றது. மயிரிழையில் தப்பிய சம்பவங்களை ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று விட்டுவிடாமல் விசாரிப்பது அதனால்தான் முக்கியம். ஆஸ்டினுக்கும் பிறகு தரைக் கண்காணிப்புக் கருவி வந்தது.

சாங்கியில் தரையில் நகரும் விமானங்கள் கோபுரத்தின் திரையில் தெரிகின்றன. விமானிகளுக்குப் பச்சை விளக்குகள் வழிகாட்டுகின்றன. இருந்தும் கடைசி முடிவு மனிதருடையதுதான். அன்று எங்கள் விமானத்துக்கு முன்னால் இருந்தது நகர்ந்துவிடும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. நகரவில்லை என்றதும் எங்களை மேலே அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாவது முறை பத்திரமாக இறங்கியபோது அந்த அம்மா என் கையை விட்டுவிட்டு, “லேட்டானா என்ன தம்பி, வந்து சேந்தாச்சு” என்றார். அறிக்கையைப் படிக்காமலே அவருக்கு அது தெரிந்திருந்தது.