பீஸ் ரேட்டில் ஏஐ: திருப்பூருக்கு ஏற்ற வணிகக் கணக்கு

ஜெனரேட்டிவ் ஏஐ நிறுவனத்துக்கு ஒவ்வொரு கேள்வியும் ஒரு செலவு. பழைய மென்பொருளை ஒருமுறை எழுதிவிட்டால் ஆயிரம் பேருக்கு விற்றாலும் லட்சம் பேருக்கு விற்றாலும் செலவு பெரிதாக ஏறாது. இங்கோ ஒவ்வொரு பதிலுக்கும் ஜிபியு என்ற கணிப்புச் சிப் ஓட வேண்டும். ஏஐ மாடலை வாடகைக்குத் தருபவர் டோக்கன் (சொல்துண்டு) கணக்கில் பில் போடுவார். மாதச் சந்தா கட்டிவிட்டு அதிகம் பயன்படுத்துகிற வாடிக்கையாளரால் நட்டமே வரலாம். அப்போது மாதம் 200 டாலர் வாங்கிய சாட்ஜிபிடி ப்ரோவிலும் கையைக் கடிக்கிறது, எதிர்பார்த்ததைவிட மக்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்று ஓபன்ஏஐ தலைமைச் செயல் அதிகாரி சாம் ஆல்ட்மன் 2025 ஜனவரியில் சொன்னார்.

திருப்பூருக்கு இந்தக் கணக்கு பழகியது. நிட்டிங்கும் டையிங்கும் கிலோவுக்கு, தையலும் பிரிண்டிங்கும் பீஸுக்கு என ஒவ்வொரு ஜாப் ஒர்க்குக்கும் தனி ரேட் உண்டு. பின்னலாடைத் தொழிலுக்கு ஏஐ சேவை விற்க வரும் ஸ்டார்ட்அப்பும் இந்த வழியில் விலை வைப்பதே நல்லது.

ஒரு போலோ டி-சர்ட் ஆர்டரை எடுத்துக்கொள்ளலாம். பையர் அனுப்பும் டெக் பேக்கில் துணியின் ஜிஎஸ்எம், அளவு அட்டவணை, காலர் ரிப், பட்டன், வாஷ்கேர் லேபிள் எல்லாம் இருக்கும். சாம்பிள் பார்த்த பிறகு, கை நீளத்தை அரை சென்டிமீட்டர் கூட்டுங்கள் என்று மெயிலில் ஒரு வரி வரும். அந்த வரி மெர்ச்சண்டைசர் கண்ணில் படாமல் துணி கட்டிங் டேபிளுக்குப் போய்விட்டால் மொத்த லாட்டும் வீண். டெக் பேக்கையும் மெயில்களையும் படித்து, மாற்றங்களைத் தொகுத்து, காஸ்டிங் ஷீட்டை நிரப்பித் தருவது ஏஐ செய்யக்கூடிய வேலை. இதற்கு ஒரு ஸ்டைலுக்கு இவ்வளவு என்று விலை சொன்னால் முதலாளிக்கு உடனே புரியும். ஆர்டர் இல்லாத மாதத்தில் சந்தா கட்டுகிறோமே என்ற கசப்பும் வராது.

அந்த விலைக்குள் என்னென்ன அடங்க வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டோக்கன் செலவு தெரிந்ததே. அளவு அட்டவணையைப் பிரித்தெடுக்கச் சிறிய மாடலே போதும். குழப்பமான வரிகளை மட்டும் பெரிய மாடலுக்கு அனுப்பினால் அந்தச் செலவு இறங்கும். கான்ட்ராக்டர்கள் தமிழில் பேசிக் கேட்கும் வசதி தேவை, ஆனால் பல மாடல்களில் ஒரே செய்தி ஆங்கிலத்தைவிடத் தமிழில் கூடுதல் டோக்கன் எடுக்கிறது. மாடல் தருவதைச் சரிபார்க்க ஆள் வேண்டும், அவர் சம்பளமும் ரேட்டில் ஏற வேண்டும். தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதையும் முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். தையல் யூனிட் பீஸைக் கெடுத்தால் டெபிட் போடும் ஊர் இது; மென்பொருளுக்கு மட்டும் விலக்கு கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

பணம் வரும் காலமும் முக்கியம். பையரிடமிருந்து பணம் வரத் தாமதமானால் ஏற்றுமதியாளரும் கீழே உள்ளவர்களுக்குத் தாமதமாகவே கொடுப்பார். ஆனால் மாடல் வாடகை மாதாமாதம் கட்டியாக வேண்டியது. ஐம்பது ஸ்டைல், நூறு ஸ்டைல் என்று முன்பணம் வாங்கிக் கழிப்பதே சிறிய நிறுவனத்துக்குப் பாதுகாப்பு.

செலவை ரேட்டில் சேர்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத் திருப்பூர் கடுமையாக அனுபவித்திருக்கிறது. சாயக்கழிவைச் சுத்திகரிக்கும் முழுச் செலவு பல ஆண்டுகள் டையிங் ரேட்டில் இல்லை. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையை நம்பிய விவசாயிகளும் அதைச் சுமந்தார்கள். விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. துணி சாயமேற வெளியூர்களுக்குப் போனது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத ஜீரோ டிஸ்சார்ஜ் முறைக்கு மாறிய பிறகே தொழில் மீண்டது. இன்று அந்தச் செலவைச் சேர்த்துத்தான் ரேட்.

ஏஐ தொழிலில் கிளவுட் நிறுவனங்களின் இலவச கிரெடிட்டும் முதலீட்டாளர் பணமும் இப்போது செலவை மறைக்கின்றன. 2024 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற, 10,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட இந்தியாஏஐ மிஷன் ஜிபியுவை மானிய வாடகைக்குத் தருகிறது. நல்ல உதவிதான், என்றாலும் ரேட்டை மானியமில்லாத விலையில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். அப்போதும் ஒரு ஸ்டைலில் மிச்சம் நின்றால் தொழிலை விரிக்கலாம்.

எந்தச் சேவையை விற்கிறோம் என்பதும் ரேட்டைத் தீர்மானிக்கும். கேட்டலாக் படம் தயாரித்துத் தருவது போன்ற சேவைகளை யாரும் தொடங்கிவிடலாம், அதனால் விலை சரியும். டெக் பேக், பையரின் பழைய திருத்தங்கள், துணி கன்சம்ப்ஷன் கணக்கு ஆகியவற்றில் பழகிய கருவிக்குப் போட்டி குறைவு. ஆனால் அந்தத் தரவு ஸ்டார்ட்அப்பின் சொத்தல்ல. ஒரு கம்பெனியின் காஸ்டிங்கை வைத்துப் பழகிய மாடல், பக்கத்துத் தெருப் போட்டியாளருக்கு விலை சொல்ல உதவிவிடக் கூடாது. ஒவ்வொரு கம்பெனியின் தரவையும் தனியே வைப்பதற்கும், ஒப்பந்தம் முடிந்ததும் அழிப்பதற்கும் ஆகும் செலவையும் அந்த ஸ்டைல் ரேட்டிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.