மட்டராஸியை கம்ப்யூட்டர் வேலைக்கு எடுத்திருக்குமா?

போன வாரம் ராத்திரி ஒரு மணி. கேளம்பாக்கத்தில் கரண்ட் போய், இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் யூர்கன் கிளாப் மான்செஸ்டர் யுனைடெட்டின் மேனேஜராகப் பதவியேற்றார். லிவர்பூல் ரசிகர்கள் பதற வேண்டாம். நடந்தது என் லேப்டாப்பில், ஃபுட்பால் மேனேஜர் விளையாட்டுக்குள், 2031-ஆம் வருஷத்தில்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இதில் நீங்கள் பந்தை உதைக்க மாட்டீர்கள். அணியின் மேனேஜர் நீங்கள். ஆளைத் தேர்ந்தெடுப்பது, வாங்குவது, விற்பது, ஆட்டத்திட்டம் போடுவது, தோற்றால் நிர்வாகத்திடம் திட்டு வாங்குவது எல்லாம் உங்கள் வேலை. இங்கிலாந்தில் கோலியர் என்ற அண்ணன் தம்பி இருவர் எழுதி, 1992-இல் சாம்பியன்ஷிப் மேனேஜர் என்ற பெயரில் வந்தது. 2004-இலிருந்து ஃபுட்பால் மேனேஜர். நீங்கள் ஒரு கிளப்பை நடத்திக்கொண்டிருக்கும்போது உலகத்தில் மற்ற எல்லா கிளப்பையும் கம்ப்யூட்டர் நடத்துகிறது. அங்கேயும் கோச்சுகள் வேலை இழக்கிறார்கள், புது ஆள் வருகிறார். சிக்கல் அங்கேதான். பத்து சீசன் தாண்டினால் போதும், கிளாப் யுனைடெட்டுக்குப் போவது மாதிரி கூத்துகள் வரிசையாக நடக்கும். தேசிய அணியின் பெரிய கோச் ஒருவர் இரண்டாம் டிவிஷன் கிளப்பில் வந்து உட்காருவார். இரண்டு கிளப்பை மூழ்கடித்தவருக்கு மூன்றாவதாக அதைவிடப் பெரிய கிளப் கிடைக்கும். நெடுநாள் விளையாடுபவர்கள் எல்லோருக்கும் இருக்கிற புகார்தான் இது: "இதெல்லாம் நிஜத்துல நடக்குமா?"

எனக்கும் அந்தப் புகார் உண்டு. ஆனால் சென்னைக்காரனாக இருந்துகொண்டு அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. காரணம் சொல்கிறேன்.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் ஆரம்பித்தபோது சென்னையின் எஃப்சி யாரைப் பிடித்துக்கொண்டு வந்தது? மார்கோ மட்டராஸி. 2006 உலகக் கோப்பை ஃபைனலில் இத்தாலிக்காக கோல் அடித்தவர், அதே ஆட்டத்தில் ஜிடேனிடம் நெஞ்சில் முட்டு வாங்கியவர். ஆடுவதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகியிருந்தது. எந்த கிளப்புக்கும் கோச்சாக இருந்ததில்லை. அவர் இங்கே வீரர் பாதி, கோச் பாதி. சென்னை மட்டும் என்ன? கோவாவுக்கு ஜிகோ வந்தார். கேரளாவுக்கு கோல்கீப்பர் டேவிட் ஜேம்ஸ், அவரும் ஆடிக்கொண்டே கோச். மறு வருஷம் டெல்லிக்கு ராபர்ட்டோ கார்லோஸ், மும்பைக்கு நிக்கோலா அனெல்கா. இந்தப் பட்டியலை விளையாட்டு தானாக உருவாக்கியிருந்தால், "பக் இருக்கு, சரி பண்ணுங்க" என்று நானே புகார் எழுதியிருப்பேன்.

அதைவிடப் பெரிய கூத்து, அது பலித்தது. 2015 சீசன் நடுவில் அட்டவணையில் அடியில் கிடந்த அணி, கடைசி ஆட்டங்களை வரிசையாக ஜெயித்து அரையிறுதிக்கு வந்தது. அப்போதுதான் டிசம்பர் வெள்ளம். எங்கள் பக்கம் ஓஎம்ஆர் எந்த நிலைமையில் இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். நான் மூன்று நாள் மொட்டை மாடியில்தான் சிக்னல் தேடினேன். சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்தது நம் அணி. ஃபைனல் கோவாவில், எதிரே ஜிகோவின் அணி. 90-ஆவது நிமிஷம் வரை 2-1 என்று பின்தங்கியிருந்து, கோவா கீப்பரின் ஓன் கோல், அதன்பின் மெண்டோசாவின் கோல், 3-2, கோப்பை. எந்தப் புரோகிராமரும் இப்படி எழுதத் துணிய மாட்டார்.

சரி, விளையாட்டு எப்படித்தான் ஆளை எடுக்கிறது? உள்ளே இருக்கும் கோடு எனக்குத் தெரியாது. ஆனால் கூடவே வரும் எடிட்டரைத் திறந்தால் ஒவ்வொரு ஆளுக்கும் என்னென்ன விவரம் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். திறமைக்கு 200-க்கு ஒரு எண். குணங்களுக்கு 1 முதல் 20 வரை எண்கள். பிடித்த கிளப், பிடிக்காத கிளப், தெரிந்த மொழிகள், பயிற்சியாளர் லைசென்ஸ். இவற்றோடு ஒன்று, புகழ். கிளப்புக்கும் அதே மாதிரி ஒரு புகழ் எண் உண்டு, 10,000 வரை. வருஷக்கணக்கில் வேடிக்கை பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: ஓர் இடம் காலியானால், கிளப்பின் புகழுக்கு ஏறக்குறைய ஒத்த புகழுள்ள ஆட்கள்தான் முதலில் கண்ணில் படுகிறார்கள். நாடு, மொழி, பழைய கிளப் பாசம் எல்லாம் அதற்கு மேல் தூவும் உப்பு மிளகு. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிற மாதிரி, முதல் பொருத்தம் சரியில்லாவிட்டால் மீதி ஒன்பதைப் பார்க்கவே மாட்டார்கள்.

இதில் கிளாப் யுனைடெட்டுக்குப் போனது புரிந்துவிடுகிறது. பெரிய கிளப், பெரிய பெயர், ஆள் சும்மா இருக்கிறார். ஒன்பது வருஷம் லிவர்பூலில் இருந்தவர் என்கிற விஷயம் விளையாட்டில் ஓர் எண்ணாக இருக்கலாம். ஆனால் 'அங்க போனா ஊர்ல தலைகாட்ட முடியாது' என்கிற வெட்கத்துக்கு எண் கிடையாது.

மட்டராஸி ஏன் விளையாட்டில் சென்னைக்கு வர மாட்டார் என்பதும் புரிகிறது. உலகக் கோப்பை வென்றவர் புகழுக்கும் நேற்று பிறந்த இந்திய கிளப்பின் புகழுக்கும் நடுவில் மலை மடு. நிஜத்தில் அந்த இடைவெளியை நிரப்பியது காசு, தொலைக்காட்சி, ஒரு போஸ்டரில் யார் முகம் போடுவது என்கிற கணக்கு. அந்த வருஷம் கோச்சைத் தேடவில்லை, முகத்தைத் தேடினார்கள் என்பது என் எண்ணம். விளையாட்டில் நிர்வாகம் எப்போதும் ஜெயிப்பதற்காகத்தான் ஆள் எடுக்கிறது. நிஜ நிர்வாகங்கள் அப்படியில்லை.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். அதுவரை எந்த கிளப்புக்கும் தலைமைக் கோச்சாக இருந்திராத கேரி நெவிலை 2015 டிசம்பரில் வாலென்சியா எடுத்தது, நாலு மாதத்தில் அனுப்பியது. 2020-இல் யுவென்டஸ், தன் இளையோர் அணிக்கு நியமித்த ஆண்ட்ரியா பிர்லோவை, அவர் அங்கே ஓர் ஆட்டம் நடத்துவதற்குள் மூத்த அணிக்கு ஏற்றிவிட்டது. எனக்கு ரொம்பப் பிடித்தது ரீம்ஸ் கிளப்பின் வில் ஸ்டில். உரிய லைசென்ஸ் இல்லாததால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிளப் 25,000 யூரோ அபராதம் கட்டி அவரை வைத்திருந்தது. அவரோ சின்ன வயதிலிருந்து ஃபுட்பால் மேனேஜர் விளையாடி வளர்ந்தவர். விளையாட்டு அவரை வேலைக்கே எடுத்திருக்காது.

இதுவரை சொன்னது வேடிக்கை. இனிமேல் வேடிக்கை இல்லை.

எங்கள் பக்கத்து மைதானத்தில் சாயங்காலம் கோவளம் குப்பத்துப் பையன்களுக்கும் தையூர்ப் பையன்களுக்கும் கோச்சிங் கொடுக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். பகலில் சிறுசேரியில் ஒரு கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறார். டி லைசென்ஸ் முடித்திருக்கிறார், அடுத்து சி படிக்கப் பணம் சேர்க்கிறார். ஒருநாள் டீக்கடையில் என் விளையாட்டைப் பற்றிக் கேட்டவர், "அதுல என்னையும் போடேன் தம்பி, எங்கியாவது வேலை கெடைக்குதான்னு பாப்போம்" என்றார்.

போட்டேன். எடிட்டரில் அவருக்கு ஒரு பக்கம் திறந்து, இளைஞர்களோடு வேலை செய்யும் திறனுக்கு 18, ஆட்களைக் கையாள்வதற்கு 17 என்று தாராளமாகவே கொடுத்தேன். லைசென்ஸ் எல்லாவற்றுக்கும் மேல், கான்டினென்டல் புரோ. மொத்தத் திறமையை ஐஎஸ்எல் கோச்சுகள் பலரைவிட உயர்த்தினேன். புகழ் மட்டும் உள்ளபடி, கிட்டத்தட்ட பூஜ்யம். பிறகு விளையாட்டைத் தானாக ஓடவிட்டுத் தூங்கிவிட்டேன்.

பத்து சீசன். ஒரு வேலையும் இல்லை. இந்தியாவின் எந்த டிவிஷனிலும் இல்லை.

மறுபடி ஆரம்பித்து, திறமையைச் சராசரிக்கும் கீழே இறக்கி, புகழை மட்டும் ஏற்றினேன். இரண்டாவது சீசனிலேயே ஒரு கிளப் எடுத்துக்கொண்டது. அணி கடைசியில் முடிந்தது, நீக்கினார்கள், எட்டு மாதத்தில் இன்னொரு கிளப். ஒரே ஆளை வைத்து ஒரே ஒருமுறை செய்து பார்த்ததை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுழல் தெளிவாகத் தெரிகிறது. வேலை பார்த்தால்தான் புகழ், புகழ் இருந்தால்தான் வேலை.

இது கம்ப்யூட்டரின் முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஐஎஸ்எல் தொடங்கிய 2014-லிருந்து 2021 வரை ஒரு கிளப்கூட ஓர் இந்தியரை நிரந்தரத் தலைமைக் கோச்சாக வைக்கவில்லை. முதலாமவர் காலித் ஜமீல். மும்பை எஃப்சியிலிருந்து நீக்கப்பட்டவர் மிசோரத்துக்குப் போய், கீழே இறக்கப்பட்டு மறுபடி சேர்த்துக்கொள்ளப்பட்ட ஐஸ்வால் அணியை 2016-17-இல் ஐ-லீக் சாம்பியன் ஆக்கினார். அதன் பிறகும் ஐஎஸ்எல்லில் நிரந்தர வேலை கிடைக்க நாலு வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவும் எப்படி? நார்த்ஈஸ்ட் யுனைடெட்டின் வெளிநாட்டு கோச் பாதியில் போனபோது தற்காலிகமாக உட்காரவைத்தார்கள். அணி பத்து ஆட்டம் தோற்காமல் அரையிறுதிக்குப் போன பிறகுதான் 'தற்காலிகம்' என்ற சொல்லை எடுத்தார்கள்.

நம்ம ஊர் உதாரணம் சபீர் பாஷா. இந்தியாவுக்கு ஆடியவர், சென்னையின் அணியில் பல வருஷம் உதவிக் கோச். 2022 பிப்ரவரியில் பந்தோவிச் நீக்கப்பட்டபோது மிச்ச ஆட்டங்களுக்கு இவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். சீசன் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து தாமஸ் பிர்டாரிச் வந்தார். நான் பிர்டாரிச்சைக் குறை சொல்லவில்லை. வெளிநாட்டுக் கோச்சுகள் தண்டம் என்றும் சொல்லவில்லை. ஜான் கிரிகரி 2018-இல் பெங்களூரு மண்ணில் பெங்களூருவை 3-2 என்று வென்று கோப்பை வாங்கித் தந்தவர். ஓவன் காயில் பாதி சீசனில் வந்து அணியை 2020 ஃபைனல் வரை கொண்டுபோனார். கேள்வி அவர்கள் வந்தது பற்றியதல்ல. ஏழு வருஷம் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு கதவுகூடத் திறக்காதது பற்றியது.

இத்தனைக்கும் இந்திய ஃபுட்பாலின் மிகப் பெரிய கோச் யார்? சையது அப்துல் ரஹீம். ஹைதராபாத்தில் பள்ளிக்கூட வாத்தியார். 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கித் தந்தவர். அவரை எடிட்டரில் போட்டால் 'இது நம்பும்படியாக இல்லை' என்று நாமே அழித்துவிடுவோம்.

2025-இல் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. இந்திய அணிக்குக் கோச் வேண்டும் என்று சம்மேளனம் விண்ணப்பம் கேட்டது. சாவி எர்னாண்டஸ் விண்ணப்பித்திருக்கிறார் என்று செய்தி, ஊரே அல்லோலகல்லோலம். ஓரிரு நாளில், சாவி பெயரிலும் பெப் கார்டியோலா பெயரிலும் வந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை அல்ல என்று சம்மேளனமே அறிவித்தது. கம்ப்யூட்டர்கூட இப்படி ஏமாந்திருக்காது. அதற்கு சாவியின் புகழும் நம் அணியின் புகழும் பொருந்தாது என்று ஒரு நொடியில் தெரியும். கடைசியில் வேலை ஜமீலுக்கு. சாவியோ மெடெய்ராவுக்குப் பிறகு 13 வருஷம் கழித்து ஓர் இந்தியர். (பெயர்ப் பொருத்தத்தைக் கவனியுங்கள், சாவி வரவில்லை, சாவியோவின் வாரிசு வந்தார்.) வந்ததும் மத்திய ஆசிய நேஷன்ஸ் கோப்பையில் மூன்றாம் இடம், அடுத்த மாதமே சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பும் போனது.

அதே வருஷம் சென்னையின் அணிக்கு கோவாக்காரரான கிளிஃபர்ட் மிராண்டா வந்தார். நிரந்தரப் பொறுப்பில் முதல் இந்தியர். லீக் எப்போது தொடங்கும் என்றே யாருக்கும் தெரியாத வருஷம் அது. காசு வற்றிய பிறகுதான் உள்ளூர்த் திறமை கண்ணுக்குத் தெரிந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மிராண்டா அதற்கு முன்பே, 2023-இல், ஒடிசாவுக்கு சூப்பர் கோப்பை வாங்கித் தந்தவர். அதுவும் தற்காலிகப் பொறுப்பில்தான்.

விளையாட்டில் இதைச் சரி செய்ய முடியுமா? ஓரளவு முடியும். நான் இப்போது புது சேவ் தொடங்கும்போது இந்தியக் கோச்சுகளின் புகழைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுத்தான் தொடங்குகிறேன். அப்படிச் செய்த சேவில் எட்டாவது சீசனில் நம் அண்ணனுக்கு இரண்டாம் டிவிஷனில் வேலை கிடைத்தது. மைதானத்துக்குப் போய்ச் சொன்னேன். பையன்கள் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு ஒரே சிரிப்பு.

"எந்த ஃபார்மேஷன் ஆடுறேன்?"

போனில் எடுத்துவைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துச் சொன்னேன். "4-4-2, அண்ணே."

சிரிப்பு நின்றுவிட்டது. "நான் எப்ப தம்பி 4-4-2 ஆடிருக்கேன்? மாத்து அத."