‘நாப்பது கழியட்டும்’ என்று காத்திருக்காதீர்கள்... குறைமாதக் குழந்தையின் கண்ணுக்கு 30 நாள்தான் கெடு!

“ஏட்டி, பச்சப்புள்ளய நாப்பது நாளு கழியாம வாசப்படி தாண்டவிடக் கூடாதுல்லா? கண்ணு நல்லாத்தான முழிச்சுப் பாக்கு. பொறவு போய்க்கிடலாம்.”

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி என்று தாமிரபரணிக் கரையில் எந்த ஊரில் பச்சைக் குழந்தை இருந்தாலும், அந்த வீட்டு ஆச்சி இப்படித்தான் சொல்வார். சொல்வதில் தப்பும் இல்லை. பிறந்த குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு. கூட்டத்துக்குள் கொண்டுபோனால் சளி, காய்ச்சல் தொற்றிக்கொள்ளும். அதற்காகப் பெரியவர்கள் போட்டுவைத்த வேலிதான் அந்த நாற்பது நாள்.

ஆனால், அந்தக் குழந்தை ஏழரை மாதத்தில் பிறந்ததாக இருந்தால்? திருநெல்வேலியில் மூன்று வாரம் இன்குபேட்டரில் இருந்துவிட்டு, ஒன்றரை கிலோ எடையோடு வீட்டுக்கு வந்திருந்தால்? டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் ‘ஆர்.ஓ.பி. ஸ்க்ரீனிங்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால்? அப்போது கணக்கே வேறு. அந்தக் கண் பரிசோதனையைக் குழந்தை பிறந்து 30 நாள்களுக்குள் செய்தாக வேண்டும். நாற்பதாவது நாள் வரை காத்திருந்தால், சில குழந்தைகளுக்கு அதற்குள் காலம் கடந்துவிடும்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

நம் கண்ணின் உட்சுவரில் விழித்திரை இருக்கிறது. கேமராவுக்கு ஃபிலிம் மாதிரி. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள், கருவின் நான்காவது மாதவாக்கில் கண்ணின் பின்பக்கத்தில் இருந்து வளர ஆரம்பிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் படர்ந்து விழித்திரையின் ஓரத்தை எட்டிப் பிடிக்கச் சுமார் 40 வாரங்கள் ஆகும். அதாவது, பத்து மாதமும் நிறைந்து பிறக்கும் குழந்தைக்கு இந்த வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும்.

32 வாரத்திலேயே பிறந்த குழந்தைக்கு அது பாதியில் நிற்கிறது. தாயின் வயிற்றுக்குள் வளர வேண்டிய நாளங்கள், வெளியுலகில் வளர வேண்டியிருக்கிறது. மூச்சுத் திணறலுக்காகக் கொடுக்கப்படும் ஆக்சிஜன், ரத்தத்தில் கிருமித் தொற்று, ரத்தம் ஏற்றுவது, எடை கூடாமல் இருப்பது... இவையெல்லாம் அந்த வளர்ச்சியைக் குலைக்கலாம். நாளங்கள் தாறுமாறாகக் கிளைத்து, தழும்பாகி, விழித்திரையை இழுக்கத் தொடங்கும். முற்றினால் விழித்திரை பிய்ந்து வந்துவிடும். பிறகு அறுவை சிகிச்சை செய்தாலும் நல்ல பார்வை திரும்புவது கடினம். இதைத்தான் மருத்துவர்கள் ‘ரெட்டினோபதி ஆஃப் பிரிமெச்சூரிட்டி’, சுருக்கமாக ஆர்.ஓ.பி. என்கிறார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. கண் சிவக்காது, பீளை தள்ளாது, குழந்தை அழாது. ஆச்சி சொன்ன மாதிரி, நன்றாக முழித்துத்தான் பார்க்கும். கண் பாப்பா வெள்ளையாகத் தெரிகிறது என்று வீட்டில் கண்டுபிடிக்கும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும்.

1942-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கண் மருத்துவர் டெர்ரி முதன்முதலில் விவரித்த நோய் இது. உலகப் புகழ்பெற்ற பாடகர் ஸ்டீவி வொண்டர் 1950-ல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்தவர். அவர் பார்வையை இழந்ததும் இதனால்தான். இன்று குறைமாதக் குழந்தைகளைப் பிழைக்கவைக்கும் வசதி சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டது. உயிர் பிழைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் கண்ணையும் பார்த்தாக வேண்டிய பொறுப்பும் கூடவே வந்திருக்கிறது. 2020-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு

இந்தப் பரிசோதனை எவ்வளவு முக்கியம் என்பதை உச்ச நீதிமன்றம் வரை போய் உணர்த்தியது, தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு குடும்பம். 1996 ஆகஸ்ட்டில் சென்னையில் உள்ள ஓர் அரசு மருத்துவமனையில், 29-வது வாரத்தில், 1,250 கிராம் எடையோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். தொற்று வராமல் இருக்க, குழந்தையை அறைக்குள்ளேயே பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி அறிவுரை கிடைத்தது. கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்ற அறிவுரை மட்டும் கிடைக்கவில்லை. ஆர்.ஓ.பி. என்று தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. குழந்தை பார்வையை இழந்தது.

பெற்றோர் விடவில்லை. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. மேல்முறையீட்டில், 2015 ஜூலை 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 1.8 கோடி ரூபாயாக உயர்த்தியது. தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண்ணுக்கு 18 வயது. எத்தனை கோடி கொடுத்தாலும் போன பார்வை போனதுதான். ஆனால், ‘குறைமாதக் குழந்தையின் பெற்றோருக்குக் கண் பரிசோதனை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்’ என்பதை நாடு முழுக்க மருத்துவமனைகளுக்கு உறைக்கவைத்தது அந்தத் தீர்ப்பு.

யாருக்கு, எப்போது பரிசோதனை?

2013-ல் தொடங்கப்பட்ட ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் ஆர்.ஓ.பி.யும் சேர்க்கப்பட்டிருக்கிறது. இந்தியாவில் பின்பற்றப்படும் கணக்கு இதுதான்:

- 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை, அல்லது பிறப்பு எடை 2 கிலோவுக்குக் குறைவான குழந்தை: பிறந்த 30 நாள்களுக்குள்.
- 28 வாரத்துக்கு முன் பிறந்தது, அல்லது 1,200 கிராமுக்குக் குறைவானது: இரண்டு, மூன்று வாரங்களுக்குள்.
- 34 முதல் 36 வாரத்துக்குள் பிறந்து ஆக்சிஜன், ரத்தம் ஏற்றுதல், கடுமையான தொற்று என்று சிரமப்பட்ட குழந்தை: குழந்தை நல மருத்துவர் சொன்னால் கட்டாயம்.

மேலை நாடுகளில் மிகச் சிறிய குழந்தைகளுக்குத்தான் இந்த நோய் அதிகம். நம் நாட்டில் ஒன்றரை கிலோவுக்கு மேல் இருக்கும் குழந்தைகளுக்கும் வருகிறது. ‘நம்ம பிள்ளை ஓரளவு எடை இருக்கே’ என்று அசட்டையாக இருக்க முடியாது.

பரிசோதனை எப்படி இருக்கும்?

‘பிஞ்சுக் கண்ணில் கருவியை வைப்பார்களாமே’ என்ற பயம்தான் பல தாய்மார்களைத் தயங்கவைக்கிறது. கண் பாப்பாவை விரியச் செய்யும் சொட்டு மருந்தை முதலில் விடுவார்கள். பிறகு மரத்துப்போகும் சொட்டு. குழந்தையைத் துணியில் சுற்றி, இமை மூடாமல் இருக்கச் சின்ன கிளிப் வைத்து, தலையில் மாட்டிய விளக்கின் வெளிச்சத்தில் மருத்துவர் உள்ளே பார்ப்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். குழந்தை அழும், சற்று நேரத்தில் அடங்கிவிடும். பரிசோதனைக்கு முந்தைய ஒரு மணி நேரம் பால் கொடுக்காமல் இருந்தால் கக்காது.

முக்கியமான விஷயம், ஒருமுறை பார்த்தால் போதாது. நாளங்கள் ஓரம் வரை வளர்ந்துவிட்டன என்று மருத்துவர் சொல்லும் வரை, வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ போக வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிகிச்சையே தேவைப்படாது. தேவைப்பட்டால் லேசர், அல்லது கண்ணுக்குள் ஊசி. அதை இரண்டு, மூன்று நாள்களுக்குள் செய்ய வேண்டும் என்பதால், ‘அமாவாசை கழியட்டும்’, ‘அவங்க அப்பா ஊர்ல இருந்து வரட்டும்’ என்று தள்ளிப்போடக் கூடாது.

இங்கேதான் நம் ஊர் வழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். பிறகு குழந்தை புகுந்த வீட்டுக்கு, அங்கிருந்து திருப்பூருக்கோ மும்பைக்கோ போய்விடும். பாதியில் பரிசோதனை விட்டுப்போகும். ஊர் மாறினால் ஃபைலையும் கையோடு கொண்டுபோய், அங்கே இருக்கும் விழித்திரை மருத்துவரிடம் தொடர வேண்டும்.

நெல்லையில் எங்கே போகலாம்?

கண்ணுக்காக நெடுங்காலம் உழைத்த மண் இது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி தொடங்கப்பட்டது 1890-ல். அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ.வெங்கடசாமி பிறந்த வடமலாபுரம், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. சிறு வயதில் உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் இறந்ததைப் பார்த்து மகப்பேறு மருத்துவராக விரும்பியவர் அவர். மூட்டுவாத நோய் விரல்களை முடக்க, கண் மருத்துவத்துக்கு வந்தார். 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய மருத்துவமனையின் கிளை, 1988 முதல் திருநெல்வேலி ஜங்ஷனில் இயங்குகிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அம்பாசமுத்திரத்தில் இருந்து ரயில் ஏறினால், பரிசோதனையை முடித்துக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம். எங்கே போவது என்று குழம்பினால், 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

நிறைமாதக் குழந்தை என்றால்?

30 நாள் கெடு இல்லை. ஆனாலும் கண்ணைக் கவனிக்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு ஓரடி தூரம்தான் தெளிவு. பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அது. இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும். மூன்று மாதத்தில் கிலுகிலுப்பை போகும் பக்கமெல்லாம் கண் போகும். குறைமாதக் குழந்தைக்கு இந்தக் கணக்கை, பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த தேதியில் இருந்து தொடங்க வேண்டும்.

இவற்றைப் பார்த்தால் உடனே கண் மருத்துவரிடம் போங்கள்:

- கண் பாப்பா வெள்ளையாகத் தெரிவது, ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னுவது. கண்புரையாகவோ கண் புற்றுநோயாகவோ இருக்கலாம். பிறவிக் கண்புரையைச் சில வாரங்களிலேயே அறுவை சிகிச்சை செய்து எடுக்க வேண்டியிருக்கும்.
- நான்கு மாதத்துக்குப் பிறகும் மாறுகண். ‘மாறுகண் அதிர்ஷ்டம்’ என்று விட்டால் அந்தக் கண் பார்க்கவே பழகாமல் போய்விடலாம்.
- கருவிழி வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்து, நீர் வடிந்து, வெளிச்சத்தைக் கண்டால் கூசுவது. ‘எவ்வளவு பெரிய கண்ணு’ என்று கொஞ்சுவோம். கண் அழுத்த நோயாக இருக்கலாம்.

கண்ணுக்குள் தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுவது, மை தீட்டுவது எதுவும் வேண்டாம். கிருமி சேரும், சில மைகளில் ஈயமும் இருக்கும். திருஷ்டிப் பொட்டைக் கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒன்பதாவது மாதத்தில் மீசில்ஸ்-ரூபெல்லா தடுப்பூசியையும் வைட்டமின் ஏ சொட்டையும் தவறவிடக் கூடாது.

ஆச்சியிடம் சண்டை போட வேண்டியதில்லை. நாற்பது நாள் வேலி அப்படியே இருக்கட்டும். கண்ணுக்காக மட்டும் கதவைத் திறந்தால் போதும். குழந்தையைத் துணியில் நன்றாகப் பொதிந்து, தூக்குபவர் கை கழுவி, மாஸ்க் போட்டுக்கொண்டு, நேராக மருத்துவமனை, நேராக வீடு. வேறு எங்கும் நிற்க வேண்டாம். முடிந்தால் ஆச்சியையும் கூடவே கூட்டிப்போங்கள். மருத்துவர் சொல்வதை அவரும் கேட்டுவிட்டால், அடுத்த தேதியை உங்களுக்கு ஞாபகப்படுத்துவது அவராகத்தான் இருக்கும்.