இணையத்தில் ஏறாத துணி

பனியன் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, "நூத்தி எண்பது இருக்கும்" என்று சொல்லிவிடுகிற ஆட்கள் திருப்பூரில் நிறையப் பேர் உண்டு. ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம் எடை என்பது அதன் அர்த்தம். சந்தேகம் வந்தால் ஜிஎஸ்எம் கட்டரை எடுத்து 100 சதுர செ.மீ. வட்டமாக வெட்டி, தராசில் போட்டு, வந்த கிராமை நூறால் பெருக்கிப் பார்ப்பார்கள். பழகிய விரல் சொன்னதற்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் தராசும் வந்து நிற்கும்.

இந்த விரல் கணக்கைப் பாடமாகவே நடத்தும் கல்லூரிகளும் இங்கே இருக்கின்றன. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கத்தின் முயற்சியில் 1997-ல் தொடங்கிய நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி முதலிபாளையத்தில் இருக்கிறது. ஆடை வடிவமைப்பு பட்டப்படிப்பு வைத்திருக்கும் கலை அறிவியல் கல்லூரிகள் தனி. 2020 மார்ச் 17 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கல்லூரிகளையும் மூடச் சொன்னபோது இவையும் மூடின. முதலில் மார்ச் 31 வரை என்றார்கள். அதற்குள் 25-ம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு வந்துவிட்டது. பனியன் கம்பெனிகள் நின்றன, வடமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள், பாடம் செல்போனுக்குள் போனது.

உலகம் முழுக்க அப்படித்தான். 2019 டிசம்பரில் ஒரு நாளைக்கு ஒரு கோடிப் பேர் நுழைந்துகொண்டிருந்த ஜூம் கூட்டங்களில், 2020 மார்ச்சில் 20 கோடிப் பேர் நுழைந்தார்கள்.

அந்த மாதங்களைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் டவர் கிடைக்காத கதையையும், ஒரே போனுக்கு அண்ணனும் தங்கையும் அடித்துக்கொண்ட கதையையும்தான் பேசுகிறோம். அதெல்லாம் நடந்ததுதான். ஆனால் டவர் முழுக்கோடு காட்டினாலும், ஆளுக்கொரு போன் இருந்தாலும், ஒரு பின்னலாடை வகுப்பு இணையத்தில் முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்காது. அதற்கான காரணம் சிக்னலில் இல்லை. குரலையும் படத்தையும் சுருக்கி அனுப்பும் கணிதத்திலேயே இருக்கிறது.

முதலில் குரல். ஆசிரியரின் பேச்சை போன் பெரும்பாலும் 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக நறுக்குகிறது. கட்டிங் டேபிளில் வெட்டிய பீஸ்களுக்கு நம்பர் போட்டு பண்டில் கட்டி அனுப்புவதைப்போல, ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு அனுப்பிவிடும். எந்தப் பண்டில் எந்த வழியில் வந்தாலும், மறுமுனையில் இருக்கும் போன் எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்திக்கொள்ளும். நடுவில் ஒரு துண்டு வராமல் போனால் அதற்காகக் காத்திருக்க நேரமில்லை. முந்தைய துண்டின் போக்கைப் பார்த்து, இப்படித்தான் இருந்திருக்கும் என்று தானே ஒன்றை உருவாக்கி இடைவெளியில் வைத்துவிடுகிறது. அடுத்தடுத்துத் துண்டுகள் தொலையும்போது அந்தக் கற்பனை கைகொடுக்காமல் போகிறது. அப்போதுதான் சார் குரல் ரோபோ குரலாகிறது.

சுருக்கும் வித்தை இன்னும் ஆச்சரியமானது. பேச்சை அலையாக அப்படியே அனுப்பாமல், அதைப் பேசிய தொண்டையும் வாயும் அந்த நொடியில் என்ன வடிவத்தில் இருந்தன என்பதற்கு ஒரு கணித மாதிரியை அனுப்புவது என்ற யோசனை 1960-களின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. அதில் பெரும்பங்கு கான்பூரில் பிறந்து அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த பிஷ்ணு அதலுக்கு உண்டு. இன்று இணையப் பேச்சைச் சுருக்கும் முறைகள் அந்த வழியில் வந்தவையே. நொடிக்கு 768 கிலோபிட் பிடிக்கும் பேச்சு 32 கிலோபிட்டில் அடங்கிவிடுகிறது. ஐந்து மணி நேரம் பாடம் கேட்டாலும் 75 எம்பியைத் தாண்டாது. குரல் மட்டும் என்றால் கல்லூரியை ஒரு சாதாரண போனுக்குள் அடைத்துவிடலாம்.

படம் அப்படி அடங்காது. 640-க்கு 360 புள்ளிகள் கொண்ட சுமாரான படத்தை நொடிக்கு 30 முறை அப்படியே அனுப்பினால் நொடிக்கு 166 மெகாபிட் ஆகும். வகுப்புக்குப் போனதோ அரை மெகாபிட் அளவில். முந்நூறில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது, மீதி வழியில் கழிகிறது. அசையாத சுவரையும் கரும்பலகையையும் திரும்பத் திரும்ப அனுப்பாமல், மாறியதை மட்டும் அனுப்புவதில் ஒரு பகுதி மிச்சம். இன்னொரு பகுதியை மிச்சப்படுத்தும் கணிதம் நம் பக்கத்து ஆட்களுடையது. படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவாக மாறும் வெளிச்சம் எவ்வளவு, படபடவென மாறும் நுணுக்கம் எவ்வளவு என்று பிரித்தெடுக்கும் கொசைன் உருமாற்றத்தை 1974-ல் வெளியிட்டவர்கள் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவருடைய மாணவர் டி. நடராஜன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த கே.ஆர். ராவ் ஆகிய மூவர். இந்த ஆய்வுக்கு 1972-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் அகமது நிதி கேட்டபோது, யோசனை ரொம்பச் சுலபமாக இருக்கிறது என்று தள்ளிவிட்டார்களாம். இன்று போனில் பார்க்கும் படத்திலும் வீடியோவிலும் பெரும்பகுதி அந்தச் சுலபமான யோசனையின் வழியாகவோ அதன் வாரிசுகளின் வழியாகவோதான் வருகிறது.

அப்படிப் பிரித்த பிறகு எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது? மெதுவாக மாறுவது தங்கும். நுணுக்கம் போகும். முகத்தின் பெரிய நிழல்கள் தங்கி, தோலின் துளைகள் காணாமல் போனால் மனிதக் கண் கண்டுகொள்வதில்லை. பேசும் முகத்தைப் பார்க்க இது போதும்.

துணியைப் பார்க்கப் போதாது. 24 கேஜ், அதாவது அங்குலத்துக்கு 24 ஊசி உள்ள மிஷினில் ஓடிய, ஒற்றைப் பின்னலான சிங்கிள் ஜெர்சியில் ஓர் அங்குல அகலத்துக்கு முப்பதை ஒட்டி லூப் வரிசைகள் நிற்கும். பத்து அங்குலத் துணியைத் திரை முழுக்கக் காட்டினால் அங்குலத்துக்கு 64 புள்ளி, அதாவது ஒரு லூப்புக்கு இரண்டு புள்ளி. இது கேமராவால் பிரித்தறிய முடிகிற கடைசி எல்லை. அதற்கு மேல் சுருக்கும் கணிதம் வந்து, இந்தப் படபடப்பு தேவையில்லாத நுணுக்கம் என்று அதையும் துடைத்துவிடுகிறது. துணியின் கட்டமைப்பு என்பதே அந்தப் படபடப்புதான். சிங்கிள் ஜெர்சியும் இரட்டைப் பின்னலான இன்டர்லாக்கும் திரையில் ஒரே வழுவழுப் பரப்பாகத் தெரியும். சில நேரம் துணியில் இல்லவே இல்லாத நெளிவரிகள் புதிதாக முளைக்கும். துணியில் ஊசிக் கோளாறால் வரும் நீள்கோடான நீடில் லைன் ஓடியிருந்தால் மாணவருக்குத் தெரியாது, இல்லாத கோட்டைப் பார்த்து மிரளவும் கூடும்.

நிறத்தின் கதை இன்னும் மோசம். கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் துல்லியமாகத் தெரியும், நிற வித்தியாசம் அந்த அளவு தெரியாது என்பதால், வீடியோவில் நிறத்தை நான்கில் ஒரு பங்கு புள்ளிகளுக்கு மட்டுமே அனுப்புவது வழக்கம். போதாததற்குப் போன் கேமரா, அறை வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்று தானாக யூகித்து நிறத்தைத் திருத்தும். பார்க்கிறவரின் திரை தன் பங்குக்கு மாற்றும். டையிங்கில் லேப் டிப் என்ற சாயமேற்றிய மாதிரித் துண்டு போட்டு, தரப்படுத்திய பகல் வெளிச்சப் பெட்டிக்குள் வைத்து, பையர் அனுப்பிய ஷேடோடு ஒப்பிட்டு, அரைக்கால் வித்தியாசத்துக்குச் சரக்கே திரும்பி வரும் ஊர் இது. அந்தப் பாடத்தை நான்கில் ஒரு பங்கு நிறத்தோடு நடத்துவதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

மிஷின் ஓடுவதைக் காட்டலாமே என்று தோன்றும். 30 அங்குல விட்டமுள்ள வட்ட நிட்டிங் மிஷினில், 24 கேஜ் என்றால், சிலிண்டரைச் சுற்றி ஏறத்தாழ 2,260 ஊசிகள். நிமிடத்துக்கு 25 சுற்று ஓடினால் ஒரு புள்ளியை நொடிக்கு 940 ஊசி கடந்து போகும். நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 31 ஊசி போய்விடுகிறது. ஊசியை ஏற்றி இறக்கும் கேமில் ஒவ்வோர் ஊசியும் ஏறி, நூலைப் பிடித்து, இறங்கும் காட்சி எங்கேயும் இருக்காது. ஏறி இறங்கும் ஓர் அலை அசையாமல் நிற்பதுபோலத் தெரியும், சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல ஊசிகள் எதிர்த்திசையில் ஊர்வதாகவும் தெரியலாம். வெறும் கண்ணாலும் அந்த வேகத்தில் பார்க்க முடியாது என்பது உண்மை. அதனால்தான் லேபில் மிஷினை நிறுத்தி, கையால் மெல்லத் திருப்பிக் காட்டுவார்கள்.

ஓடும் மிஷினைக் கண்ணைவிடக் காது நன்றாகப் படிக்கும். அனுபவப்பட்ட ஃபிட்டர் ஒரு ஊசி உடைந்ததைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கோளாறு வருகிறது. வகுப்பு மென்பொருள்களில் இரைச்சலை நீக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரே சீராக நீடிக்கும் ஒலியை அளந்து, மின்விசிறி, ஏசி வகையறா என்று முடிவுசெய்து, கழித்துவிட்டு மனிதக் குரலை மட்டும் அனுப்பும். நிட்டிங் மிஷினின் ஒலி ஒரே சீரானது. ஆக, ஆசிரியர் மிஷின் பக்கத்தில் நின்று "இந்தச் சத்தத்தைக் கவனிங்க" என்று சொன்னால், மாணவர் காதுக்கு அவர் குரல் தெளிவாக வரும். மிஷின் வராது.

இதே ஏற்பாடு எதிர்த்திசையிலும் வேலை செய்தது. கம்பெனிகள் திறந்த பிறகு, வீட்டு நிலைமைக்காக ஷிப்டுக்குப் போய்க்கொண்டே காதில் இயர்போன் மாட்டி வகுப்பில் இருந்த பிள்ளைகள் இந்த ஊரில் உண்டு. மைக்கைத் திறந்து "பிரசன்ட் சார்" என்று சொல்லும்போது பின்னால் பவர் டேபிள் தையல் மிஷின்களின் மோட்டார் ஓடும் இரைச்சலை மென்பொருள் துடைத்திருக்கும். பையன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று சாருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இவ்வளவும் போகட்டும், தொடுதலுக்கு வருவோம். சுருக்குவதற்குக்கூட அதை இன்னும் யாரும் சரியாகப் பிடிக்கவில்லை. விரலைத் துணிமேல் ஓட்டும்போது தோல் அதிர்கிறது. ஆழத்தில் இருக்கும் பசினியன் உணர்முனைகள் நொடிக்கு 200 முதல் 300 அதிர்வுகளை மிக நுட்பமாகப் பிடிக்கின்றன. 2013-ல் ஸ்டாக்ஹோமில் செய்த ஒரு சோதனையில், 13 நானோமீட்டர் உயரமே உள்ள வரிகள் கொண்ட பரப்பை வழவழப்பான பரப்பிலிருந்து மனிதர்கள் விரலால் பிரித்துச் சொன்னார்கள். தலைமுடியின் தடிமனில் சில ஆயிரங்களில் ஒரு பங்கு அது. அதோடு தொடுதல் ஒருவழிப் பாதை இல்லை. விரல் அழுத்துகிறது, துணி திருப்பி அழுத்துகிறது, அதற்கேற்ப விரல் தன் அழுத்தத்தை மாற்றுகிறது. இயந்திரத்தால் தொடுவுணர்வை உண்டாக்க முயல்கிறவர்கள் நொடிக்கு ஆயிரம் முறை அந்தக் கணக்கைப் புதுப்பிக்கிறார்கள். பேச்சில் 150 மில்லிசெகண்ட் தாமதத்தைக் காது பொறுத்துக்கொள்ளும். விரல் பொறுக்காது, அந்த இயந்திரம் உண்டாக்கிக் காட்டும் கல் போன்ற சுவர் கூழ்போலத் தள்ளாடும்.

ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சுயெவோ கவாபட்டா இதை வேறு வழியில் பிடிக்கப் பார்த்தார். 1970-களில் துணி ஆலைகளின் கைதேர்ந்த ஆட்களைக் கூட்டி, அவர்கள் தொட்டு உணர்வதைக் கோஷி, நுமேரி, ஃபுகுராமி என்று, விறைப்பு, வழுவழுப்பு, புசுபுசுப்பு எனப் பிரித்து மதிப்பெண் போட வைத்தார். பிறகு இழுவை, வளைவு, சறுக்கல், அமுக்கம், உராய்வு எனத் துணியின் 16 அளவுகளை மெல்லிய விசையில் எடுக்கும் கருவிகளைச் செய்து, அந்த மதிப்பெண்களோடு பொருத்தினார். அந்த 16 எண்களை வாட்ஸாப்பில் அனுப்பிவிடலாம். வாங்கிக்கொள்கிறவருக்குத் துணி கையில் வராது, அவ்வளவுதான்.

ஆனால் திருப்பூர் மாணவருக்கு ஒரு சலுகை இருந்தது. துணியை அனுப்பவே தேவையில்லை, வீட்டிலேயே கிடந்தது. கட்டிங் வேஸ்ட் கிடைக்காத தெரு இங்கே எது? பத்து செ.மீ. சதுரமாகக் கத்தரித்து நகைக்கடைத் தராசில் வைத்தால் ஜிஎஸ்எம் வந்துவிடும். சிங்கிள் ஜெர்சித் துண்டைத் தட்டையாக வைத்தால் பக்க ஓரங்கள் பின்புறமாகவும், மேல் கீழ் ஓரங்கள் முன்புறமாகவும் சுருளும். லூப்பாக வளைக்கப்பட்ட நூல் நிமிரப் பார்ப்பதால் வரும் சுருள் அது. இன்டர்லாக்கில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று சமன்செய்வதால் சுருளாது. ஓரத்தில் நூலைப் பிரித்து உருவி, நூறு லூப்புக்கு எவ்வளவு நீளம் என்று அளந்தால் லூப் லெங்த் கைக்கு வரும். இதற்குக் கேமரா வேண்டாம், ஆசிரியர் குரல் மட்டும் போதும், 75 எம்பிக்குள். வீடியோவைக் கூர்மையாக்கப் பட்ட பாட்டில் பாதியை இந்தப் பக்கம் திருப்பியிருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

அரசு யோசித்தது டேட்டா அளவில்தான். 2021 ஜனவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, கல்லூரி மாணவர்கள் 9,69,047 பேருக்கு ஏப்ரல் வரை தினமும் 2 ஜிபி இலவசம் என்று அறிவித்தார். வீடியோ வகுப்பு மணிக்கு 300 எம்பி பிடித்தாலும் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும் அளவு அது. பயனில்லை என்று சொல்ல மாட்டேன், பல வீடுகளில் ரீசார்ஜ் காசு மிச்சமானது.

லேப் இல்லாமல் ஓடாது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 2020 டிசம்பர் 2-ம் தேதி முதலில் கல்லூரிக்குள் விடப்பட்டவர்கள் ஆராய்ச்சி மாணவர்களும், அறிவியல் தொழில்நுட்பப் பிரிவில் முதுகலை இறுதியாண்டு படிப்பவர்களும். இளங்கலை இறுதியாண்டுக்காரர்கள் 7-ம் தேதி. மற்றவர்கள் 2021 பிப்ரவரி 8 வரை காத்திருந்தார்கள், அடுத்த மாதமே இரண்டாம் அலைக்காக மறுபடி மூடினார்கள், செப்டம்பர் 1-ல் திறந்தார்கள். இந்த நடுவில், 2021 மே மாதம், பல்கலைக்கழக மானியக் குழு ஒரு வரைவை வெளியிட்டது. இனி ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதம் வரை இணையத்தில் நடத்தலாம் என்றது அது. ஒவ்வொரு பாடத்திலும். வரலாற்றுத் தாளுக்கும் அதே நாற்பது, நிட்டிங் லேபுக்கும் அதே நாற்பது.