பால் குடித்த சட்டி

திண்டுக்கல்லுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது கன்னிவாடி. அங்கே ஒரு வீட்டுச் சமையலறையில் மருமகளுக்கும் மாமியாருக்கும் ஒரு சின்ன வழக்கு.

“இந்தப் பழைய மண்சட்டியைத் தூக்கி எறிஞ்சா என்ன, அத்தை? எவர்சில்வர் பாத்திரமா இல்லை?”

“நல்லாச் சொன்னே, போ! நாப்பது வருசமாப் பால் குடிச்ச சட்டி இது!”

மருமகள் சிரித்து விட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் விஞ்ஞானிகள் சிரிக்க மாட்டார்கள். மாமியார் சொன்னது அத்தனையும் உண்மை!

மண்சட்டி முழுவதும் நுண்ணிய துளைகள். பால் காயும்போது கொழுப்பு அவற்றில் ஊறி விடுகிறது. தேய்த்துக் கழுவினாலும் முழுக்கப் போவதில்லை. சட்டி உடைந்து மண்ணில் புதைந்த பிறகும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அது தங்கியிருக்கக் கூடும்.

சரி, அது பாலா, இறைச்சியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கொழுப்பில் உள்ள கார்பன் அணுக்களில் எடை 12 உள்ளவையே ஏராளம். எடை 13 உள்ளவை நூற்றுக்கு ஒன்றுதான். இரண்டுமே காலத்தால் அழியாதவை. கொழுப்பிலே பால்மிடிக், ஸ்டியரிக் என்று இரண்டு அமிலங்கள் உண்டு. பசுவின் மடி முன்னதில் ஒரு பகுதியைத் தானே தயாரித்துக் கொள்ளும். பின்னதைத் தயாரிக்க அதற்குத் தெரியாது. தீனியின் வழியாக வந்ததையே வாங்கிக் கொள்கிறது. அதனால் பாலின் ஸ்டியரிக் அமிலத்தில் கனத்த கார்பன் குறைவு. பால்மிடிக் அமிலத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்து விடும். உடற்கொழுப்பில் அவ்வளவு வித்தியாசம் இராது. 1998-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இந்த வழியில் பழம்பானைகளில் பாலைக் கண்டார்கள்.

நம் நாட்டிலும் இந்தச் சோதனை நடந்திருக்கிறது. குஜராத்தின் கட்ச் பகுதியில் கோட்டடா பாட்லி என்ற சிந்து நாகரிகக் கிராமம். அங்கே கிடைத்த 59 ஓடுகளைக் கல்யாண் சேகர் சக்ரவர்த்தி குழுவினர் சோதித்தனர். 21-ல் பாலின் அடையாளம்! 2020-ல் வெளியான செய்தி இது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே பால் காய்ந்திருக்கிறது. சோளம், கம்பு போன்ற பயிர்களில் கனத்த கார்பன் சற்று அதிகம். மாடு, எருமைகளின் பற்களிலும் அது தெரிந்ததால், அவை சிறுதானியத் தீனி தின்றன என்றும் கணித்தார்கள்.

எலும்பும் சாட்சி சொல்லும். அதன் புரதத்திலுள்ள அமினோ அமிலங்களில் கனத்த நைட்ரஜனைப் பார்க்கிறார்கள். குளுட்டாமிக் அமிலத்தில், உண்ணப்பட்ட உயிரைவிட உண்ட உயிரிடம் அது கூடிவிடும். ஃபினைல் அலனைனில் அநேகமாக மாறாது. இரண்டின் வித்தியாசமே, அந்த மனிதர் இலை தின்றவரா, மீன் தின்றவரா என்று காட்டிக் கொடுக்கும்.

இதே திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில், கல்லறையில் நாலு கால் ஜாடி நிறைய நெல் கிடைத்தது. நெல் கண்ணுக்குத் தெரிகிறது, பால் தெரிவதில்லை. ஓட்டை எண்ணெய்க் கையால் தொட்டாலே சாட்சி கெட்டு விடும்.

அரசர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. விடியுமுன் எழுந்து பால் காய்ச்சிய பெண்களுக்கு எது இருக்கிறது? அவர்கள் கையாண்ட சட்டிதான்!

கன்னிவாடி வழக்கில் என் தீர்ப்பு மாமியார் பக்கம்.